ஹில் எண்ட்: அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

கார்த்தி: அடுத்த மாதம் சிட்னியிலிருந்து பாத்தர்ஸ்ட் வரை போகிறோம், அம்மாவும் பன்னிரண்டு வயது மகனும் கூட வருகிறார்கள். அப்படியே ஹில் எண்டையும் பார்த்துவிடலாம் என்று ஒரு எண்ணம். 1870களில் 8,000 பேர் இருந்த தங்க ஊராம், இப்போது 100 பேர் இருந்தால் அதிகம். ஒரு பப், சில வீடுகள், மீதி புல்வெளி என்று அலுவலக நண்பர் சொல்கிறார். சோஃபாலா வழியாக மலைப்பாதையில் சுற்றிப் போவதற்குப் பலன் உண்டா?

நிலவன்: கட்டாயம் போங்க. ஆனால் கிளம்பும் முன் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத் தளத்தில் ஹோல்டர்மன் தொகுப்பைப் பையனோடு உட்கார்ந்து பாருங்கள். 1872இல் போஃபாய் மெர்லினும் அவர் உதவியாளர் சார்ல்ஸ் பெய்லிஸும் கடை கடையாக, வீடு வீடாகப் போய் எடுத்த படங்கள், எல்லாரும் குடும்பத்தோடு வாசலில் நிற்பார்கள். அந்தக் கண்ணாடி நெகடிவ்கள் 1951இல் சிட்னியின் சாட்ஸ்வுட்டில் ஒரு தோட்டக் கொட்டகையில் கிடைத்தன. பெரிதாக்கிப் பார்த்தால் கடைப் பலகையின் எழுத்துகள்கூடத் தெளிவாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு கிளார்க் தெருவில் நடந்தால், உங்கள் நண்பர் சொல்லும் அந்தப் புல்வெளியில் ஒரு ஊரே தெரியும்.

செல்வி: நிலவன் சொல்வது சரி. அந்தப் படங்களுக்குப் பணம் கொடுத்து ஆதரித்த ஹோல்டர்மன் அங்கேயே சுரங்கம் வைத்திருந்தவர். 1872 அக்டோபர் 19 இரவு ஸ்டார் ஆஃப் ஹோப் சுரங்கத்தில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு பாறை கிடைத்தது, 286 கிலோ, அதில் தங்கம் மட்டும் சுமார் 93 கிலோ. அவர் அதை உடைக்காமல் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார், கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை, நொறுக்கி உருக்கிவிட்டார்கள். எனக்கு இன்னும் அது ஆறவில்லை. அவர் பாறையோடு நிற்கும் பிரபலமான படமும் தனித்தனிப் படங்களை ஒட்டிச் செய்ததுதான், பையனிடம் சொல்லிவிடுங்கள்.

கார்த்தி: நன்றி! பையன் தங்கம் சலித்துப் பார்க்கணும் என்கிறான், அனுமதி உண்டா?

நிலவன்: பக்கத்தில் தம்பரூரா என்ற இடத்தில் அதற்கென்றே ஒதுக்கிய இடம் இருக்கிறது, அங்கே மட்டும். ஊர் முழுக்க 1967 முதல் வரலாற்றுத் தளம், கண்ட இடத்தில் தோண்டக் கூடாது.

செல்வி: அம்மாவுக்குச் சுரங்கம் இறங்குவது சிரமம் என்றால் ராயல் ஹோட்டல் பக்கம் நிழலில் உட்காரட்டும். அப்புறம், பெட்ரோலைப் பாத்தர்ஸ்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மாலை மங்கும் முன் திரும்புங்கள், கங்காரு கூட்டம் சாலைக்கு வந்துவிடும்.