பெத்தானியாபுரம் வீட்டு வாட்ஸ்அப் குழு: கவினுக்கு எத்தனை மணி நேரம்?

செல்வி அக்கா: தம்பி, கவினுடைய செஸ் சார் தினமும் நாலு மணி நேரம் ஆடினால்தான் முன்னேற்றம் என்கிறார். ஸ்கூல் வேன் வரவே அஞ்சு மணி ஆகிறது. வீட்டுப்பாடம் வேறு. நாலு மணி நேரத்துக்கு எங்கே போவேன்?

பாண்டி மாமா: குகேஷ் நாலாம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை நிறுத்தினவர். 18 வயதில் உலக சாம்பியன். சார் சொல்வதில் என்ன தப்பு?

பெரியம்மா: முதலில் பிள்ளை ஒழுங்காகத் தூங்கட்டும்.

நான்: மாமா, அது வேறு கணக்கு. இவன் மாவட்டப் போட்டியில் மொத்தப் புள்ளியில் பாதி எடுக்கவே திணறுகிறான். அக்கா, இப்போது எவ்வளவு ஆடுகிறான்?

செல்வி அக்கா: போனில் கணக்கே இல்லை. மூணு நிமிஷ ஆட்டமாம். தோற்றால் உடனே அடுத்தது. சாப்பாடு ஆறிப்போகிறது.

நான்: அதைப் பயிற்சியில் சேர்க்காதே. யோசிக்க நேரமில்லாத ஆட்டத்தில் இருக்கிற பழக்கம்தான் கெட்டிப்படும், கெட்டதும் சேர்த்து.

நான்: முக்கால் மணி நேரம் போதும், ஆனால் தினமும். முதலில் கொஞ்சம் புதிர். லிசெஸ் என்கிற செஸ் இணையதளத்தில் எல்லாம் இலவசம், விளம்பரமும் கிடையாது. எதிராளியின் பதிலையும் மனசுக்குள் பார்த்துவிட்டுத்தான் காயை நகர்த்தணும். குத்துமதிப்பாகத் தட்டினால் நூறு புதிர் போட்டும் பிரயோஜனமில்லை. மீதி நேரம் தோற்ற ஆட்டத்தைப் போர்டில் வைத்து எங்கே சறுக்கியது என்று அவனே தேடணும். கம்ப்யூட்டரைக் கேட்பது அப்புறம்தான்.

பாண்டி மாமா: சிசிலியன் என்கிற தொடக்க ஆட்டமுறைக்குப் புத்தகம் வாங்கச் சொன்னாராமே சார்?

நான்: குதிரையைச் சும்மா விட்டுத் தோற்கிறவனுக்கு சிசிலியன் எதற்கு மாமா? ராஜா, சிப்பாய் மட்டும் மிஞ்சுகிற முடிவாட்டம் படிக்கட்டும். 2024 டிசம்பர், சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் கடைசியான 14ஆவது ஆட்டம் ஞாபகம் இருக்கா? அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையைத் தப்பாக வைத்தார். குகேஷ் யானைக்கு யானை, பிஷப்புக்கு பிஷப் என்று வெட்டி மாற்றினார். மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். அது ஜெயிக்கிற நிலை என்று தெரிந்திருந்தது அவருக்கு. பட்டமே அங்கேதான் கிடைத்தது.

செல்வி அக்கா: சரி, முக்கால் மணி நேரத்தில் எத்தனை வருஷத்தில் பெரிய ஆள் ஆவான்?

நான்: அப்படிக் கணக்குப் போட முடியாது அக்கா. அர்ஜென்டினா ஆட்டக்காரர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். மாஸ்டர் நிலைக்கு வர ஒருவருக்கு 3,000 மணி நேரம் போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு 23,000க்கும் மேலே. 3,000 என்றாலே தினம் ஒரு மணி நேரம் வீதம் எட்டு வருஷம். நாலு மணி நேரம் உட்காரவைத்தால் அதற்குள் செஸ்ஸே வெறுத்துவிடும்.

அப்பா: சனிக்கிழமை என்னிடம் அனுப்பு. ஒரே ஆட்டம், நிதானமாக. தொட்ட காயை நகர்த்தியே ஆகணும். நகர்த்தல் எல்லாம் நோட்டில் எழுதணும்.

நான்: அதுதான் அப்பா நல்ல பயிற்சி. அந்த நோட்டை வைத்தே வாரம் முழுக்கப் பார்க்கலாம்.

பாண்டி மாமா: மச்சான், நீங்கள் தோற்றால் பாதியில் போர்டைக் கலைத்துவிடுவீர்களே!

அப்பா: அது உன்னோடு ஆடும்போது.

செல்வி அக்கா: சாரிடம் நானே பேசுகிறேன். ஃபீஸ் கட்டியாச்சு, வகுப்பு வகுப்பாகவே இருக்கட்டும். வீட்டில் முக்கால் மணி நேரம்தான்.

செல்வி அக்கா: மாமா நான் கவின். மூணு நிமிஷ ஆட்டம் சுத்தமா கிடையாதா?

நான்: ஞாயிற்றுக்கிழமை அஞ்சு ஆட்டம். அதற்கு முன்னால் தோற்ற ஆட்டம் ஒன்று எனக்கு விளக்கணும்.

செல்வி அக்கா: எந்த ஆட்டம்னு நான்தான் எடுப்பேன். தாத்தாகிட்ட தோத்தது வேண்டாம்.