பிளாக் டைம் என்பதற்கு ‘நிலையிடை நேரம்’

நண்பர்களுக்கு வணக்கம். விமானப் பயணக் கலைச்சொல் பட்டியலுக்கு முன்மொழியப்பட்டுள்ள சொற்களைப் பற்றிய என் கருத்து இது. இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக் குறிக்கப் ‘பெருவட்டத் தொலைவு’ என்னும் சொல்லை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. உருண்டையான புவிப்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின், அதாவது புவியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின், மேல்தான் அமைகிறது. சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு அத்தொலைவு சுமார் 265 கி.மீ.; சாலை வழியாகச் சென்றால் ஏறக்குறைய 340 கி.மீ. ஏற்காட்டு மலைப்பாதையில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது: சேலத்திலிருந்து 30 கி.மீ. அளவில் வளைந்து வளைந்து ஏறும் சாலைக்கு நேர்த்தொலைவு பாதிதான்.

சிக்கல் நேரத்தைக் குறிக்கும் சொல்லில் இருக்கிறது. ‘ஃபிளைட் டைம்’ என்பதற்குப் ‘பறப்பு நேரம்’ என்று முன்மொழிந்திருக்கிறார்கள். ஆனால் பன்னாட்டு வான்போக்குவரத்து விதிகளின்படி, விமானம் புறப்படுவதற்காக முதன்முதலில் அசையும் கணத்திலிருந்து, பயணம் முடிந்து முழுமையாக நிற்கும் கணம் வரையுள்ள மொத்த நேரமே ஃபிளைட் டைம். அதையே ‘பிளாக் டைம்’ என்றும் வழங்குகிறார்கள். விமானிகளின் பயண நேரப் பதிவேடு இதைக் கொண்டே எழுதப்படுகிறது. சக்கரம் தரையை விட்டு எழுந்து மீண்டும் தரையைத் தொடும் வரையுள்ள நேரம் வேறு. விமானத்தின் பராமரிப்புக் கணக்குக்கு அதுவே அடிப்படை. பறப்பு நேரம் என்னும் சொல்லை இந்த இரண்டாவதற்கே ஒதுக்க வேண்டும். மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கக்கூடிய ஏடிஆர் 72 விமானம் 265 கி.மீ. தொலைவை அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கடந்துவிடும் என்று கணக்குப் போடுபவர், கால அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டிய அளவைப் பார்த்துக் குழம்புகிறார். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறி இறங்குவதும், சென்னையில் தரையிறங்க முறைக்குக் காத்திருப்பதும் அவர் கணக்கில் வரவில்லை.

பிளாக் டைம் என்பதற்கு நம்மிடமே சொல் இருக்கிறது. சேலம் கோட்டை அழகிரிநாதர் கோயில் தேரோட்டத்தில் முட்டுக்கட்டையை எடுத்ததும் தேர் நிலையை விட்டுப் பெயர்கிறது. வீதி சுற்றி வந்ததும் ‘தேர் நிலைக்கு வந்துவிட்டது’ என்கிறோம். விமானத்தின் சக்கரங்களுக்கும் அப்படித்தான் கட்டை வைக்கிறார்கள். பிளாக் என்ற பெயர் வந்ததே அதனால்தான். ஆகவே விமானம் நிறுத்தப்படும் இடத்தை ‘நிலை’ என்றும், ஒரு நிலையை விட்டு அடுத்த நிலையைச் சேரும் வரையுள்ள நேரத்தை ‘நிலையிடை நேரம்’ என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை.

தொலைதூர ஊர்களுக்குக் கணக்கிடும்போது இந்தப் பிரிவினை இன்னும் தேவைப்படுகிறது. சேலத்துக்கும் அசாமின் திப்ருகருக்கும் பெருவட்டத் தொலைவு ஏறத்தாழ 2,480 கி.மீ. இடையில் விமானம் மாற வேண்டியிருப்பதால், ஒவ்வொரு கட்டத்தின் நிலையிடை நேரத்தோடு மாற்றத்துக்கான காத்திருப்பையும் கூட்டினால்தான் பயண நேரம் கிடைக்கும். மேலும், குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலுவான காற்றினால் போகும் நேரமும் திரும்பும் நேரமும் வேறுபடும். தொலைவு மட்டும் மாறாது.

‘நிலை’ என்னும் சொல் ‘நிலையம்’ என்பதோடு மயங்கும் என்று ஒரு மறுப்பு எழலாம். அது நியாயமானதே. எனவே கலைச்சொல் பட்டியலில் ‘நிலை’ என்பதற்கு முதலில் தனிப்பதிவு இட்டு, விமானம் கட்டையிட்டு நிறுத்தப்படும் இடம் என்று வரையறுத்த பின்னரே ‘நிலையிடை நேரம்’ என்பதைச் சேர்க்க வேண்டுகிறேன்.