ஐயாவும் தம்பியும் வாதாடிய வருடங்கள்

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்தில் தமிழர் பட்டதை இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். அந்த நாள் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்கிறேன்.

ஐயா கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். 1956இல், சிங்களம் ஒன்றே அரச மொழி என்ற சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் படித்து வேலைக்குப் போனவரைச் சிங்களச் சோதனை எழுது, இல்லாவிட்டால் சம்பள ஏற்றம் இல்லை என்றார்கள். அவர் எழுதவில்லை. 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவுக்கும் தமிழர் தலைவர் செல்வநாயகத்துக்கும் இடையில், தமிழருக்குச் சில அதிகாரங்களைக் கொடுக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது வீட்டில் பாயசம் காய்ச்சியதாக அம்மா சொல்வா. அதை எதிர்த்து, எதிர்த்தரப்புக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தன கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார். 1958 ஏப்ரலில் பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து குந்தினார்கள், ஒப்பந்தம் கிழிபட்டது. அடுத்த மாதமே தமிழருக்கு எதிரான கலவரம். ஐயா கப்பலில் அகதியாக வடக்கே காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கு வந்தார். கொஞ்ச நாளில் அதே கந்தோருக்குத் திரும்பியும் போனார்.

அங்கே அவருக்கு ஒரு சிங்களச் சிநேகிதர். "எங்கள் ஊரில் படித்த பெடியனுக்கு இங்கிலீஷ் வராது, அதனால் வேலையும் இல்லை" என்று அவர் ஐயாவிடம் சொல்வாராம். அது உண்மையான குறை. இரண்டு பேரின் குறையையும் சேர்த்து வைத்துப் பேசியிருக்க முடியும். ஆனால் ஆட்சிக்கு ஆசைப்பட்ட இரண்டு பெரிய கட்சிகளும், தமிழருக்கு எதையும் விட்டுக்கொடுக்காதவர் யார் என்று போட்டி போட்டன. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். 1965இல் டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை.

ஐயா கடைசியாகப் பற்றிக்கொண்டது கோடீஸ்வரன் வழக்கை. அவரும் சோதனை எழுத மறுத்துச் சம்பள ஏற்றத்தை இழந்த அரச ஊழியர். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது. 1969இல், அப்போது இலங்கைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் அவர் வழக்குப் போடலாம் என்றது; மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை மட்டும் இலங்கைக்கே திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்குத் தீர்ப்பு வரவேயில்லை.

தம்பி வளர்ந்தது, பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்த தரப்படுத்தல் காலத்தில். நல்ல புள்ளி எடுத்தும் பல்கலைக்கழகம் கிடைக்காத அண்ணன்மாரைப் பார்த்து வளர்ந்தவன். தமிழருக்குத் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்த 1976இலிருந்து இரவுச் சாப்பாட்டில் ஒரே வாதம்தான்.

"பேசித்தான் தீர்க்கவேணும் தம்பி."

"எத்தினை தரம் ஐயா பேசினது?"

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அன்றைக்கு அவன் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

1983 ஜூலையில் நான் கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்தேன். வாக்காளர் பட்டியலோடு தமிழரைத் தேடி வீடு வீடாக வந்தவர்களின் கண்ணில் படாமல் என்னை இரண்டு நாள் ஒளித்து வைத்தது ஐயாவின் அந்தச் சிங்களச் சிநேகிதர்தான். பிறகு எனக்கும் கப்பல், எனக்கும் காங்கேசன்துறை.

ஆகஸ்டில் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாடு கேட்கமாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.மார் மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு தம்பி மெதுவாகத்தான் கேட்டான்.

"இனி ஆர் ஐயா போய்ப் பேசப் போகினம்?"

ஐயா பதில் சொல்லவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கை கழுவினார். தைப்பொங்கலுக்கு முன்னமே தம்பி ஆயுதம் ஏந்திய இயக்கத்துக்குப் போய்விட்டான்.