ஸ்போர்ட்ஸ் காரில் டேஷ்போர்டு ட்ரிம்மை நாமே கழற்றி மாற்றுவது: சென்னை அனுபவப் பகிர்வு

அடையாறு_ரோட்ஸ்டர்

பேட்டரியில் இருந்து ஆரம்பிக்கிறேன். டேஷ்போர்டில் கை வைக்கும் முன்பே பலர் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

ட்ரிம் பட்டைக்கு (டேஷ்போர்டில் மாட்டியிருக்கும் அலங்காரப் பட்டை) பின்னால் ஏர்பேக் வயர் போகிறது. அதனால் நெகட்டிவைக் கழற்றி 15 நிமிடமாவது விட வேண்டும். ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டுக்குள் கெப்பாசிட்டர் இருக்கிறது. பேட்டரி போன பிறகும் கொஞ்ச நேரம் அது சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். மஞ்சள் நிற சாக்கெட் எதையும் மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம்.

போர்ஷே 987 பாக்ஸ்ஸ்டர், கேமன் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பேட்டரி முன் டிக்கிக்குள் இருக்கிறது, அந்த டிக்கி திறப்பது மின்சாரத்தில். பேட்டரியைக் கழற்றிவிட்டு மூடியைச் சாத்தினால் திறக்க வழியில்லாமல் நிற்பீர்கள். லாக்கில் ஒரு துணியைச் சுற்றி வைத்துவிடுங்கள். தவறிச் சாத்திவிட்டால், கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் ஒரு சிவப்பு முனை இழுத்தால் வெளியே வரும். வேறு பேட்டரியின் பாசிட்டிவை அதிலும், நெகட்டிவைக் கதவின் லாக் கொக்கியிலும் கொடுத்து, சாவியில் முன் டிக்கி பட்டனை அழுத்தினால் திறக்கும். அலாரம் கத்தும், பதற வேண்டாம்.

இரண்டாவது, கதவுக் கண்ணாடி. ஃபிரேம் இல்லாத கண்ணாடி உள்ள பல வண்டிகளுக்கும் இது பொருந்தும். கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானாகச் சில மில்லிமீட்டர் இறங்கும். பேட்டரி இல்லையென்றால் இறங்காது. முழுக்க ஏற்றிய நிலையில் கதவைத் திறந்து மூடினால் மேல் ரப்பரும் கண்ணாடியும் மோதும். எனவே முதலில் இரண்டு கண்ணாடியையும் பாதி இறக்கிவிட்டு, அதன் பிறகு பேட்டரி.

கழற்றும் வரிசை வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் தர்க்கம் ஒன்றே: ஓரத்தில் இருந்து நடுவுக்கு. கதவைத் திறந்தால் டேஷ்போர்டின் பக்கவாட்டில் தெரியும் மூடியை முதலில் நெம்பி எடுங்கள். நீளமான பட்டையைப் பிடித்திருக்கும் திருகு பல வண்டிகளில் அதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். ஏ-பில்லரில் (முன் கண்ணாடியின் பக்கத்துத் தூண்) 'ஏர்பேக்' என்று எழுதிய சின்ன மூடி இருந்தால் அதற்குக் கீழேயும் திருகு இருக்கலாம். ஜெர்மன் வண்டிகளில் டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திரத் திருகுக்கானது) டி20, டி25, டி30 வேண்டும். நிஸ்ஸான் 370இசட் போன்ற ஜப்பானிய வண்டிகளில் ஸ்டார் (கூட்டல் குறி முனை) ஸ்க்ரூடிரைவரும் 10 மி.மீ. சாக்கெட்டும் பெரும்பாலான வேலையை முடித்துவிடும்.

நெம்புவதற்கு நைலான் கருவி மட்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் செட்டாகவே கிடைக்கிறது. தட்டை ஸ்க்ரூடிரைவரில் துணி சுற்றி நெம்புவது வேண்டவே வேண்டாம். துணி நழுவும், மென்தோல் டேஷ்போர்டில் விழுந்த பள்ளம் திரும்ப எழாது. நெம்பும் இடத்துக்கு இருபுறமும் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு கிளிப் விட்டதும் அப்படியே இழுக்காமல் அடுத்த கிளிப்புக்குப் பக்கத்தில் கருவியை நகர்த்துங்கள். கிளிப் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறதோ அதே திசையில் நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கிளிப் உடையாது, ட்ரிம்மின் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தூண்தான் உடையும். கிளிப் சில ரூபாய், தூண் போனால் முழுப் பட்டையும் போச்சு.

நேரமும் முக்கியம். மே மாத வெயிலில் நின்ற வண்டியில் டேஷ்போர்டின் மேல்பரப்பு 70 டிகிரியை எட்டும். அந்தச் சூட்டில் மேல்தோல் இளகியிருக்கும், கருவி பட்ட இடமெல்லாம் தடம் விழும். ஏசியை முழுவேகத்தில் ஓட்டிக் குளிர்வித்த உடனே தொட்டால் பழைய பிளாஸ்டிக் விறைத்துச் சட்டென முறியும். நிழலில் நின்ற வண்டி, காலை ஆறு முதல் ஒன்பது மணி, அதுதான் பதம்.

இசட்4_அண்ணாநகர்

ரொம்ப உபயோகமான பதிவு சார். பார்ட்ஸ் வாங்குவது பற்றி ஒன்று சேர்க்கிறேன்.

வெளிநாட்டுத் தளங்களில் மலிவாகத் தெரியும் கார்பன், அலுமினிய ட்ரிம் செட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்க வண்டிகளுக்கானவை, அதாவது இடப்பக்க ஸ்டியரிங். நம் வண்டிக்கு டேஷ்போர்டின் நீளப் பட்டை அதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும், அதனால் சுத்தமாகப் பொருந்தாது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான், சிங்கப்பூர் வண்டிகளில் இருந்து கழற்றியதைத் தேடுங்கள். கியரைச் சுற்றி வரும் ட்ரிம் சில மாடல்களில் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் கப் ஹோல்டர், சீட் ஹீட்டர் சுவிட்ச் துளைகள் மாறும். பழைய ட்ரிம்மின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

புதுப்பேட்டை பழைய பாகங்கள் கடைகளில் இந்த வகை வண்டிகளின் முழு ட்ரிம் கிடைப்பது அபூர்வம். ஆனால் மெட்டல் ஸ்பிரிங் கிளிப், டார்க்ஸ் திருகு இவற்றுக்கு அங்கே போகலாம். ஒரே குழும வண்டிகளில் பெரும்பாலும் ஒரே கிளிப்தான் ஓடுகிறது, விபத்தில் போன சாதாரண செடானில் இருந்துகூட எடுத்துக்கொள்ளலாம். தேவைக்கு மேல் நாலைந்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பெருங்குடி_பெயின்ட்

ட்ரிம் மாற்ற நினைக்கும் பலருக்கு உண்மையில் மாற்றவே தேவையில்லை. இங்கே வரும் புகாரில் பெரும்பங்கு 'பட்டன் பிசுபிசுக்கிறது, விரல் ஒட்டுகிறது' என்பதுதான். ஃபெராரி, போர்ஷே எல்லாவற்றிலும் உண்டு. பிளாஸ்டிக்கின் மேல் பூசிய மென்மையான பாலியூரிதேன் பூச்சு, ஈரப்பதத்தாலும் சூட்டாலும் சிதைந்து பிசினாகிவிடுகிறது. இரண்டுமே சென்னையில் ஆண்டு முழுக்க உண்டு. அதனால் குளிர் நாட்டில் ஓடும் அதே வண்டியைவிட இங்கே சீக்கிரம் வந்துவிடும்.

அந்தப் பூச்சை எடுக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். துணியை நனைத்து, ஒரு நிமிடம் மேலே போட்டு ஊற விட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்தெடுங்கள். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்துவிடும், பாலிகார்பனேட் என்றால் நுண்விரிசல் விழும். பட்டன்களில் இன்னும் கவனம் தேவை. எழுத்து வெளிச்சமாகத் தெரிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்து எழுத்தை மட்டும் வெட்டியிருப்பார்கள். அழுத்தித் தேய்த்தால் கறுப்பும் போய், இரவில் பட்டன் முழுக்க எரியும்.

பெயின்ட் அடித்தே ஆக வேண்டும் என்றால் ட்ரிம்மைத் திருப்பிப் பின்பக்கம் உள்ள குறியைப் படியுங்கள். 'ஏபிஎஸ்' அல்லது 'பிசி+ஏபிஎஸ்' என்றிருந்தால் சாதாரண பிளாஸ்டிக் பிரைமர் பிடிக்கும். 'பிபி' என்று தொடங்கினால் அது பாலிபுரோப்பிலீன், பிபி பிரைமர் இல்லாமல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது, நகத்தால் சுரண்டினாலே தோலாக உரியும். 'பிபி-டி20' என்றால் 20 சதவீதம் டால்க் கலந்தது. அதற்கும் பிபி பிரைமர்தான்.

உப்புத்தாள் வரிசை: 400, பிறகு 600. பிரைமர் காய்ந்ததும் தண்ணீர் விட்டு 800. பேஸ் கோட் (நிறப் பூச்சு) மெல்லிசாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 10–15 நிமிடம். அதன் மேல் பளபளக்காத, நிறமற்ற மேல்பூச்சான மேட் கிளியர். முன் கண்ணாடிக்கு அடியில் வரும் எந்தத் துண்டிலும் பளபளப்பு வேண்டாம். நண்பகல் ஈசிஆரில் அதன் பிரதிபலிப்பு முன் கண்ணாடியில் விழுந்து கண்ணை மறைக்கும். அழகைவிட அது பெரிய விஷயம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்த வெளியில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்படலம் கட்டும். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே கிளியரை வீட்டில் அடிக்கவே வேண்டாம். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, துணி மாஸ்க்கோ என்95-ஓ அதைத் தடுக்காது. தேய்ப்பது, பிரைமர், பேஸ் கோட் வரை நீங்கள் செய்துவிட்டு, கிளியரை மட்டும் பெயின்ட் பூத் வைத்திருக்கும் பெயின்ட்டரிடம் கொடுங்கள்.

வேளச்சேரி_டிடி

அண்ணா, பேசஞ்சர் பக்கம் ஏர்பேக் மூடி உட்பட முழுக்க வினைல் படலம் ஒட்டலாமா? கடையில் ஒட்டலாம் என்கிறார்கள்.

அடையாறு_ரோட்ஸ்டர்

கூடாது தம்பி. மூடி எங்கே கிழிய வேண்டும் என்று கணக்குப் போட்டு அந்தக் கோட்டை மெலிதாக்கி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் வினைலோ தோலோ இழுத்து ஒட்டினால் ஏர்பேக் திறக்கும் திசையும் நேரமும் மாறும். இடப்பக்கம் உட்காருவது பெரும்பாலும் நம் வீட்டு ஆள்தான். கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். தனியாகக் கழன்று வரும் அலங்காரப் பட்டைக்கு மட்டும் வினைல் ஒட்டலாம். அதையும் வண்டியில் வைத்துச் செய்யாமல் கழற்றி வைத்துச் செய்யுங்கள். வினைலை ஓரத்தில் 10 மி.மீ. பின்பக்கம் மடித்து, மடித்த இடத்தை ஹீட் கன்னால் நன்கு சூடேற்றி அழுத்த வேண்டும். இந்த கடைசிச் சூடு கொடுக்காத வினைல் முதல் கோடையிலேயே ஓரம் சுருண்டுவிடும்.

இசட்4_அண்ணாநகர்

ஒட்டும் டேப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய ட்ரிம்மின் மேலேயே ஒட்டும் மெல்லிய கார்பன் தகடுகளுடன் வரும் டேப்பை நம்பாதீர்கள். அதை உரித்துவிட்டு 3எம் விஎச்பி என்ற இருபக்க ஒட்டு டேப் போடுங்கள். பிபி பிளாஸ்டிக் என்றால் 300எல்எஸ்இ வகை. துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, ஒவ்வொரு அங்குலமாக அழுத்துங்கள். விஎச்பி 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்புதான் பிடிக்கும், ஒரு நாளில் 90 சதவீதம், முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம். அந்த மூன்று நாளும் வண்டி வெயிலில் நிற்கக் கூடாது.

கிண்டி_ஸ்பேனர்

திரும்ப மாட்டும்போது வரும் சிக்கல்கள்தான் யாரும் எழுதுவதில்லை.

கழற்றிய கிளிப்புகளை எண்ணுங்கள். ட்ரிம்மில் ஏழு தூண், கையில் ஆறு கிளிப் என்றால் ஒன்று டேஷ்போர்டுக்குள் விழுந்திருக்கிறது. காந்தக் கம்பி விட்டு எடுக்காவிட்டால் திருப்பத்துக்குத் திருப்பம் உருண்டு சத்தம் போடும். தளர்ந்த கிளிப்பின் இரண்டு கால்களையும் குறடால் இலேசாக விரித்தால் பழைய பிடிப்பு வரும்.

பிளாஸ்டிக்கில் ஏறும் திருகை வைத்த உடனே முறுக்காதீர்கள். முதலில் பின்னோக்கிச் சுற்றுங்கள், 'டிக்' என்று பழைய மரையில் விழும், அதன் பிறகு முன்னோக்கி. இதைச் செய்யாமல் ஏற்றினால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டி, மூன்றாவது தடவை திருகு சும்மா சுற்றும். ட்ரில் மெஷின் வேண்டாம், கையால் இறுகியதும் நிறுத்துங்கள்.

பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசும் இடத்தில் டெசா 51608 ஃபிளீஸ் டேப் ஒட்டுங்கள். சாதாரண ஸ்பாஞ்சு இங்கே ஈரத்தை உறிஞ்சிப் பொடியாகிவிடும். ஸ்பிரிங் கடினமான வண்டியில் ரோட்டின் ஒவ்வொரு அதிர்வும் டேஷ்போர்டுக்கு வரும். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு வண்டி கொண்டு போகிறவர்கள் இந்த டேப்பைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

மியூசிக் சிஸ்டத்தைக் கழற்ற வேண்டியிருந்தால், பிஎம்டபிள்யூவில் பச்சை, ஆடியில் ஆரஞ்சு நிறத்தில் வரும் ஆப்டிகல் ஃபைபரைக் கவனியுங்கள். 25 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் சிக்னல் போய்விடும். முறுக்கிக் கட்டவே கூடாது.

எல்லா சாக்கெட்டும் மாட்டிய பிறகே பேட்டரி. ஒரே ஒரு ஏர்பேக் சாக்கெட் வெளியே இருக்கும்போது இக்னிஷன் போட்டாலும் ஃபால்ட் பதிவாகும், பல வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் போகாது. இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும் தவறுதான். கண்ணாடியை முழுக்க ஏற்றி சுவிட்சைச் சில நொடி அப்படியே பிடித்தால் ஒரே அழுத்தில் ஏறி இறங்கும் ஒன்-டச் வசதி திரும்ப வரும். ஸ்டியரிங் விளக்கு எரிந்தால் இரு பக்கமும் கடைசி வரை திருப்பிவிட்டு மெதுவாகக் கொஞ்சம் ஓட்டுங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து, வெயிலில் நின்ற வண்டியில் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது எழும்பியிருந்தால் அந்த இடத்துக் கிளிப் முழுதாக உட்காரவில்லை. சூடு ஆறிய பிறகு அந்த முனையை மட்டும் கழற்றி மாட்டினால் போதும்.