மறு: ‘பிஸ்கட்’ பீங்கானுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

பிரெஞ்சுப் பீங்கான் சிற்பங்கள் பற்றி ஒரு கலைக்களஞ்சியப் பதிவு எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘பிஸ்கட்’ என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. கண்ணாடிபோல் உருகிப் படியும் கிளேஸ் இல்லாமல், வெள்ளையாக அப்படியே விடப்படும் பீங்கானுக்கு அந்தப் பெயர். 1750களின் தொடக்கத்தில் பாரிஸ் அருகே இருந்த வென்சென் பீங்கான் ஆலையில் பஷெலியே என்ற ஓவியர் இந்தப் பாணியைப் புகுத்தினார். ஆலை செவ்ருக்கு இடம்பெயர்ந்த பின், 1757 முதல் 1766 வரை அங்கே சிற்பக்கூடத்தை நடத்திய சிற்பி ஃபால்கொனேயின் கையில் அது செழித்தது. ‘பிஸ்கட் பீங்கான்’ என்று எழுதினால் வாசகருக்கு டீக்கடை நினைவுதான் வரும். பளிங்குச் சிற்பத்தின் சாயலுக்காகவே செய்தார்கள் என்பதால் ‘பளிங்குப் பீங்கான்’ எனலாமா?

அன்புடன்.

-----

> ‘பளிங்குப் பீங்கான்’ எனலாமா?

வேண்டாம் ஐயா. பளிங்கு என்றாலே நம் ஆட்களுக்குப் பளபளப்பு. இந்தப் பொருளில் இல்லாதது அதுதான். போதாததற்கு, 1840களில் இங்கிலாந்தில் கிரேக்கத்தின் பரோஸ் தீவுப் பளிங்கின் பெயரை வைத்தே ‘பேரியன்’ என்று ஒரு வகை வந்தது. பளிங்கை அதற்கு விட்டுவைப்போம்.

பீங்கான் பட்டறையில் இருந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘பிஸ்கட்’ ஒரே சொல்தான், பொருளோ இரண்டு. நீங்கள் சொல்வது முடிந்த சிற்பம். பட்டறையில் சொல்வது நடுவழியில் இருக்கும் கலம், அதாவது கிளேஸ் போடுவதற்குமுன் ஒருமுறை சுட்டு எடுத்தது. கடினப் பீங்கானில் (வெண்களிமண் கலந்து மிகுந்த சூட்டில் சுடும் வகை) இதை 900–1,000 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். அந்தத் துண்டை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு நுண்துளை. கிளேஸ் கரைசலில் முக்கித் தூக்கினால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிளேஸ் மாவு மேலே சீராகப் படியும். மறுபடி 1,350–1,400 டிகிரியில் சுடும்போதுதான் அது பீங்கானாகும். கடினப் பீங்கானில் செய்த சிற்பமோ கிளேஸ் இல்லாவிட்டாலும் முழுச் சூடு கண்டு இறுகியது. ஒரு சொட்டு நீர்கூட உள்ளே போகாது. உறிஞ்சுவதற்கும் உறிஞ்சாததற்கும் ஒரே பெயர்! இந்தக் குழப்பத்தைத் தமிழுக்கு இறக்குமதி செய்வானேன்? இரண்டு சொல்லாகவே ஆக்குவோம்.

நடுவழிக் கலத்துக்கு ‘அரைச்சூட்டுக் கலம்’ என்று ஏற்கெனவே ஒருவர் இங்கே எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எலும்புச் சாம்பல் கலந்த ‘போன் சைனா’வில் தலைகீழ். அங்கே முதல் சூடுதான் பெரிய சூடு, 1,200 டிகிரிக்கு மேல். கிளேஸுக்கு 1,100-க்குக் கீழேயே போதும். ஆகவே சூட்டின் அளவைத் தொடாமல் வரிசையை மட்டும் சொல்லும் ‘முதற்சூட்டுக் கலம்’ என் முன்மொழிவு. சுடாத கலத்துக்கு நாம் அலையவே வேண்டாம். ‘பசுமட்கலத்துள் நீர்’ என்று 660-ஆம் குறளிலேயே இருக்கிறது.

(சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜென்னில் மரபுப்படி பெரும்பாலும் இந்த நடுக்கட்டமே கிடையாது. காய்ந்த பச்சைக் கலத்தின் மேலேயே கிளேஸ் போட்டு ஒரே சூட்டில் முடித்துவிடுவார்கள். அவர்களுக்குச் சொல் தேடும் வேலை மிச்சம்.)

சிற்பத்துக்கு: பூசாப் பீங்கான். ‘செல்லாக் காசு’ போல. ‘மெருகிலா’ சரிவராது, பேரியனில் இழைத்ததுபோல் ஒரு மென்மெருகு உண்டே.

-----

ஐயா இருவருக்கும் வணக்கம். ‘முதற்சூட்டுக் கலம்’ எனக்குச் சம்மதம். ‘பூசா’தான் இடிக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் செய்த பொம்மைத் தலைகளும் பிஸ்கட்தானே? அவற்றுக்குக் கன்னத்தில் ரோஜா நிறம், உதட்டில் சிவப்பு, புருவம் எல்லாம் உண்டு. கிளேஸ் போட்ட பழைய பொம்மைகளின் முகம் எண்ணெய் வழிவதுபோல் மின்னும். இவற்றின் முகம் தோல்போலவே இருக்கும். அதனால்தான் அவ்வளவு விற்றது. நம் வீட்டில் கன்னத்துக்குச் சாயம் ‘பூசுகிறோம்’ என்றுதான் சொல்வோம். பூசிய பொம்மையைப் பூசாப் பீங்கான் என்றால் பிள்ளைகூடச் சிரிக்கும்.

-----

> பிள்ளைகூடச் சிரிக்கும்

சரிதான் அம்மா, சிரிக்கட்டும் என்று விட முடியாது. வினையை விட்டுப் பெயரைப் பிடிப்போம்: கிளேஸுக்குப் ‘பூச்சு’ என்று ஒரே பொருளில் கட்டிவிட்டு, நிறத்துக்குத் ‘தீட்டுதல்’ என்றே எழுதுவது. அப்போது பூச்சிலாப் பீங்கான். தீட்டியதும் உண்டு, தீட்டாததும் உண்டு; பூச்சு மட்டும் இல்லை.

இல்லாமையைச் சொல்லும் பெயர் இங்கே குறையே இல்லை. கிளேஸ் மடிப்புகளில் தேங்கும். விரல் நுனி, ஆடைச் சுருக்கம், இமை எல்லாம் மழுங்கும். அதைத் தவிர்த்தால் உளி பிடித்தவன் செய்தது அப்படியே கண்ணுக்கு வரும். ஆனால் சூளையில் விழுந்த ஒரு கரும்புள்ளியைக்கூட மறைக்க வழியில்லை. இங்கிலாந்தின் டார்பி ஆலையில் பழுதில்லாத உருவங்களை மட்டும் இப்படி விட்டார்கள். பழுதுள்ளவை கிளேஸும் வண்ணமும் ஏறி வெளியே போயின. வேலை குறைந்ததுபோல் தோன்றும் பூச்சிலா உருவத்துக்குத்தான் விலை அதிகம்.

-----

நன்றி. பதிவில் இப்படிப் போட்டிருக்கிறேன்: ‘பூச்சிலாப் பீங்கான்: கிளேஸ் பூச்சு இன்றி முழுச் சூட்டில் சுட்டு முடித்த பீங்கான்; முதற்சூட்டுக் கலத்திலிருந்து வேறானது.’ முதல் முறை மட்டும் ‘பிஸ்கட்’ என்பதையும் பக்கத்தில் சேர்க்கிறேன், தேடி வருபவர்களுக்காக.

பூச்சு என்பது கிளேஸுக்கே என்று முடிவானால், கிளேஸுக்கு அடியில் கோபால்ட்டால் தீட்டும் நீலத்தைப் ‘பூச்சடி நீலம்’ எனலாம் அல்லவா? ‘அடி’ என்றதும் உதை நினைவுக்கு வருமோ என்றுதான் ஒரு தயக்கம். தனி இழையாகத் தொடங்குகிறேன்.