திரும்பி வந்த இரவல் புத்தகம்

குழு: வீட்டு வாசிப்பு
குழு விவரம்: ஒற்றைச் சொல் பதில்கள், பொம்மைப் படங்கள், குரல் பதிவுகள் ஆகியவை வேண்டா. எழுதுவதை முழு வாக்கியமாக எழுதவும். (பெரியப்பா, அட்மின்)

சனிக்கிழமை

காலை 9:10
நான்: அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதங்களுக்கு முன்பு, நான் மூன்று முறை படித்த ஒரு நாவலை என் தோழிக்கு இரவல் கொடுத்திருந்தேன். நேற்று அதைத் திருப்பித் தந்தாள். கொடுக்கும்போது நான் செருகி வைத்திருந்த அடையாள அட்டை அதே பதினோராம் பக்கத்தில், வைத்த சாய்வுகூட மாறாமல் அப்படியே இருந்தது. "நேரமே கிடைக்கவில்லை" என்று அவள் சொன்னபோது முகத்தில் தெரிந்த சங்கடத்தைப் பார்த்ததும், அவள்மீது வருத்தப்படுவதா, அந்தச் சங்கடத்தை எட்டு மாதம் அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்த என்மீதே வருத்தப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை.

காலை 9:24
சித்தப்பா: புத்தகம் திரும்பி வந்ததே பெரிது என்று மகிழ்ச்சியடை. பிறர் கைக்குப் போன புத்தகமும் பணமும் போனவைதாம், திரும்பினாலும் சிதைந்துதான் திரும்பும் என்று வடமொழியில் ஒரு பழைய சுலோகம் உண்டு. அதில் மூன்றாவதாகவும் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். அதை இங்கே எழுதினால் என் தங்கை என்னைச் சும்மா விடமாட்டாள் என்பதால் விட்டுவிடுகிறேன். என் கண்ணாடி அலமாரியின் சாவியை முப்பது ஆண்டுகளாக நான் யாரிடமும் கொடுக்காததற்குக் காரணம் அதுதான்.

காலை 9:26
அத்தை: எழுதாமல் விட்டது உங்களுக்கு நல்லது, சின்ன அண்ணா.

காலை 9:51
பெரியப்பா: சின்னவன் சாவியைப் பற்றிப் பெருமையாக எழுதியிருப்பதால் ஒரு செய்தியைச் சொல்கிறேன். கையால் எழுதிய புத்தகங்கள் கிடைப்பதற்கு அரிதாக இருந்த காலத்தில், ஐரோப்பிய நூலகங்களில் அவற்றை அலமாரியோடு சேர்த்து இரும்புச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் அத்தகைய நூலகம் ஒன்று இன்றும் சங்கிலிகளோடு இருக்கிறது. புத்தகத்தைக் காப்பாற்றுவதுதான் நூலகரின் வேலை என்ற அந்த எண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பியவர்களில் ஒருவர் சீ. இரா. அரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். தொடக்கத்தில் ஆள் நடமாட்டமில்லாத அந்த வேலை பிடிக்காமல், பழைய வகுப்பறைக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தவர் அவர் என்பது எனக்கு எப்போதும் ஆறுதலான செய்தி. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. சின்னவனே, உன் அலமாரியில் சங்கிலி மட்டும்தான் இல்லை.

காலை 9:58
சித்தப்பா: என் அலமாரியில் கறையான் இல்லை, ஓரம் மடித்த பக்கங்களும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அண்ணா.

காலை 10:15
நான்: பெரியப்பா, என் கேள்விக்கு அந்த விதிகளில் விடை இருக்கிறதா?

காலை 10:40
பெரியப்பா: இருக்கிறது, அம்மா. இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். படிக்கும்போது இரண்டும் ஒன்றுபோல் தோன்றும்; வேலையில் இறங்கினால் இரண்டுக்கும் வெகுதூரம். இரண்டாவதில் எதிரே நிற்கும் மனிதரிடமிருந்து தொடங்கி, அவருக்கு எது பொருந்தும் என்று தேடுகிறோம். மூன்றாவதில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை யார் விரும்புவார் என்று காத்திருக்கிறோம். அரங்கநாதன் அலமாரிகளைத் திறந்து வைத்து, வாசகர்களையே உள்ளே நடந்து தேட விட்டது அதற்காகத்தான். நாம் வீட்டில் செய்வது இந்த இரண்டுமே அல்ல. எனக்குப் பிடித்த நூலுக்கு உன்னை வாசகராக்கிவிடுவது என்று ஆறாவதாக ஒரு விதியை நாமே எழுதிக்கொண்டிருக்கிறோம். நீ உன் தோழிக்குக் கொடுத்தபோது அவளை நினைத்துக் கொடுத்தாயா, புத்தகத்தை நினைத்துக் கொடுத்தாயா?

காலை 10:47
நான்: உண்மையைச் சொன்னால், என்னை நினைத்துத்தான் கொடுத்தேன். அதைப் பற்றிப் பேச எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

காலை 11:05
தம்பி: அக்கா, அதில் தவறு என்ன இருக்கிறது? பேச ஆள் வேண்டும் என்பதற்காகத்தானே நாம் யாரிடமும் எதையும் பகிர்கிறோம்? ஆனால் புத்தகம் கொடுத்துவிட்டு நீ நடந்துகொள்ளும் முறை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் நாள் "தொடங்கிவிட்டாயா?" என்று கேட்பாய்; பத்தாம் நாள் "எதுவரை வந்திருக்கிறாய்?" என்பாய், ஒரு மாதம் கழித்து ஒன்றும் கேட்காமல் அலமாரியை மட்டும் பார்ப்பாய். அந்தப் பார்வைக்குப் பயந்தே இரண்டு புத்தகங்களை உருண்டு புரண்டு முடித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றின் கதாநாயகன் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை.

காலை 11:12
அத்தை: கேட்பதே தவறு என்று ஆக்கிவிடாதே, தம்பி. யாராவது கேட்பார்கள் என்பதற்காகவே நான் முடித்த புத்தகங்கள் உண்டு, முடித்தபிறகு அவர்களுக்கு நன்றி சொன்னதும் உண்டு. கேட்கும் தொனியில்தான் எல்லாம் இருக்கிறது; கடன்காரன் வாசலில் நின்று கேட்பதும் ஒரு கேள்விதான், பயணம் போய் வந்தவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்பதும் ஒரு கேள்விதான்.

காலை 11:30
நான்: தோழியை விடுங்கள், அவளுக்கு வேலை அதிகம். என் மகனுக்குப் பதினாறு வயதாகிறது. நான் வாங்கிக் கொடுத்த புத்தகங்கள் அவன் மேசையில் அடுக்கு குலையாமல் இருக்கின்றன. சிறுவயதில் என் மடியில் உட்கார்ந்து ஒரே கதையை நாற்பது முறை கேட்ட பிள்ளை, இன்று புத்தகம் என்றாலே எழுந்து போய்விடுகிறான்.

காலை 11:33
மகன்: அம்மா, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

காலை 11:34
நான்: தெரியும், கண்ணா. ஒரு வருடமாக நீ இங்கே எதுவும் எழுதாததால் மறந்துவிட்டேன்.

காலை 11:58
மகன்: முழு வாக்கியங்களில் எழுத வேண்டும் என்ற விதியால்தான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். நீங்கள் எனக்குப் புத்தகம் தரும்போதெல்லாம் "இது உனக்கு மிகவும் நல்லது" என்று சொல்லித் தருகிறீர்கள். எனக்கு ஏதோ நோய் இருப்பது போலவும், அதற்கு நீங்கள் மருந்து கொண்டுவந்திருப்பது போலவும் தோன்றுகிறது. ஆனால் இரவில் நீங்கள் தனியாக உட்கார்ந்து படிக்கும்போது திடீரென்று சத்தமாகச் சிரிக்கிறீர்கள். போன வாரம் வந்து, ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டேன். "அதையெல்லாம் சொன்னால் புரியாது, முதலிலிருந்து படித்தால்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினீர்கள். நான் எழுந்து போனதை மட்டும்தான் நீங்கள் பார்த்தீர்கள். அதற்கு முன்பு வந்து நின்றதைப் பார்க்கவில்லை.

காலை 11:59
தம்பி: மருமகனுக்கு என் முழு ஆதரவை முழு வாக்கியத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

பிற்பகல் 12:40
நான்: இதை நாற்பது நிமிடங்களாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ வந்து நின்றது நினைவிருக்கிறது, கண்ணா. இடையில் நிறுத்தினால் சுவை போய்விடும் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன். மன்னித்துக்கொள்.

பிற்பகல் 2:05
அத்தை: என் கதையைச் சொல்கிறேன், பேரப்பிள்ளையும் கேட்கட்டும். எனக்கு ஏழு வயது இருக்கும்போது எழுத்துக்கூட்டத் தெரியும், ஆனால் படிக்கப் பிடிக்காது. பெரிய அண்ணா தினமும் இரவில் ஒரு தொடர்கதையை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். எப்போதும் ஓர் ஆள் கிணற்றில் விழப்போகும் இடத்திலோ, கதவு தட்டப்படும் இடத்திலோ புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், அவர் தூங்கியபிறகு விளக்கருகே அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், கதவைத் தட்டியது யார் என்று தெரிந்துகொள்வதற்காக ஒரு பக்கத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்தேன். அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன்பிறகு யாரும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. எத்தனை சாமர்த்தியமாக என்னைப் படிக்க வைத்தார் என்று இத்தனை ஆண்டுகளாக வியந்துகொண்டிருக்கிறேன்.

பிற்பகல் 2:20
பெரியப்பா: தங்கையே, உன்னை ஏமாற்ற விருப்பமில்லை. அதில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. எனக்குத் தூக்கம் வந்துவிடும், அவ்வளவுதான்.

பிற்பகல் 2:22
அத்தை: அறுபது ஆண்டுகள் கழித்து இதைச் சொல்லவேண்டிய அவசியம் என்ன, அண்ணா?

பிற்பகல் 3:15
தம்பி: அத்தை சொன்னதிலிருந்து எனக்கும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நான் இப்போதெல்லாம் வேலைக்குப் போய்வரும் வழியில் ஒலிப்புத்தகம்தான் கேட்கிறேன். சென்ற ஆண்டு அப்படிப் பதினான்கு நாவல்களை முடித்தேன். அவற்றை நான் படித்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா?

பிற்பகல் 3:19
சித்தப்பா: சொல்லிக்கொள்ளக் கூடாது. காதால் கேட்பது கேள்வி, கண்ணால் பார்த்துப் படிப்பதுதான் படிப்பு. கேட்பவனால் ஒரு வரியில் நின்று யோசிக்க முடியுமா? முந்தைய பக்கத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஒப்பிட முடியுமா?

பிற்பகல் 3:48
பெரியப்பா: சின்னவன் சொல்வதில் பாதி சரி, நுணுக்கமான கட்டுரைகளைக் காதால் கேட்டு நானும் தவித்திருக்கிறேன். ஆனால் கதைக்கு அது பொருந்தாது. 1865இல் கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் நாள் முழுவதும் ஒரே இருக்கையில் அமர்ந்து இலைகளைச் சுருட்டுவார்கள். கைக்குத்தான் வேலை, காதுக்கு இல்லை. அதனால் ஒருவரை வாசிப்பவராக அமர்த்தி, செய்தித்தாள்களையும் நாவல்களையும் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். எந்த நூலைப் படிப்பது என்பதையும் அவர்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டவர்கள் சிந்திக்கவும் தொடங்கினார்கள் என்பதற்கு, அடுத்த ஆண்டே, 1866இல், அந்த வாசிப்பை ஆட்சியாளர்கள் தடை செய்ததைவிட வேறு சான்று தேவையில்லை. தடை நிலைக்கவில்லை, வழக்கம் நிலைத்தது. அந்தச் சுருட்டுத் தொழிலாளியிடம் போய், நீ கேட்டது படிப்பாகாது என்று சின்னவன் சொல்லட்டும்.

பிற்பகல் 3:55
அத்தை: நம் மொழியைக் கேளுங்கள், அண்ணா. வீணையையும் வாசிக்கிறோம், புத்தகத்தையும் வாசிக்கிறோம். கண்புரை வந்தபிறகு என்னால் அரை மணி நேரத்துக்குமேல் எழுத்துகளைப் பார்க்க முடிவதில்லை. சின்ன அண்ணாவின் கணக்குப்படி நான் இனிமேல் படிக்காதவள்.

பிற்பகல் 4:20
சித்தப்பா: நான் அந்தப் பொருளில் சொல்லவில்லை, அம்மா. உனக்கு இவ்வளவு சிரமம் என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

பிற்பகல் 5:02
மகன்: பெரிய தாத்தா, எனக்கு ஒரு சந்தேகம். தொடங்கிய புத்தகத்தைக் கட்டாயம் முடிக்க வேண்டுமா? மேசையில் இருப்பவற்றில் இரண்டை நான் தொடங்கினேன், பிடிக்கவில்லை. பாதியில் விட்டால் அம்மா வருத்தப்படுவார் என்பதால், தொடங்கவே இல்லை என்பதுபோல் திருப்பி அடுக்கிவிட்டேன்.

பிற்பகல் 5:31
பெரியப்பா: வேண்டியதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் நான்சி பெர்ல் என்ற புகழ்பெற்ற நூலகர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். எந்தப் புத்தகத்துக்கும் 50 பக்கங்கள் வாய்ப்புக் கொடு, பிடிக்கவில்லையென்றால் மூடிவிடு. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தங்கள் வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கங்களை மட்டும் படித்தால் போதும். எனக்கு 78 வயது, ஆகவே 22 பக்கங்கள். நூறு வயதாகிவிட்டால் அட்டையைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அந்த உரிமைக்காகத்தான் நான் உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன்.

பிற்பகல் 5:36
தம்பி: அதே சியாட்டிலில்தானே 1998இல், நகரம் முழுவதும் ஒரே புத்தகத்தைப் படிப்போம் என்று தொடங்கினார்கள்? நம் வீட்டிலும் எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படிக்கலாம் என்று முன்மொழிகிறேன்.

பிற்பகல் 5:38
சித்தப்பா: எந்தப் புத்தகம் என்று முடிவாவதற்குள் அண்ணாவுக்கு நூறு வயதாகிவிடும்.

மாலை 6:25
நான்: நான் வேறொன்று கேட்கிறேன், பெரியப்பா. குரல் பதிவு கூடாது என்ற விதியைக் கொஞ்சம் தளர்த்துவீர்களா? தினமும் இரவில் யாராவது ஒருவர், அன்று படித்ததில் தமக்குப் பிடித்த ஒரு பகுதியை ஐந்து நிமிடத்துக்கு மிகாமல் படித்து அனுப்பட்டும். "எல்லோரும் படிக்க வேண்டிய நூல்" என்ற முன்னுரை வேண்டாம், கேட்டீர்களா என்ற விசாரணையும் வேண்டாம். அத்தைக்குக் கண் நோகாது, தம்பிக்கு வழித்துணையாகும். என் தோழிக்கும் பதினோராம் பக்கத்தை அப்படியே படித்து அனுப்பலாம் என்று நினைக்கிறேன், புத்தகத்தை அனுப்பாமல்.

மாலை 6:50
பெரியப்பா: இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அனுமதிக்கிறேன். ஆனால் "எப்படிம்மா இருக்கீங்க" வகைக் குரல் பதிவு எதுவும் உள்ளே வந்தால் விதி உடனே திரும்பிவிடும்.

மாலை 7:12
சித்தப்பா: சாவியை நான் தரமாட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அலமாரியிலிருந்து எடுத்து நானே படிப்பதில் எனக்குத் தடையொன்றுமில்லை. தங்கை எந்தப் புத்தகம் வேண்டுமென்று சொன்னால் நாளை முதல் தொடங்குகிறேன். ஐந்து நிமிடம் போதாது. அவளுக்கு மட்டும் அரை மணி நேரம் தனியாக அழைத்துப் படிக்கிறேன்.

மாலை 7:15
அத்தை: கதவு தட்டப்படும் இடத்தில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள், சின்ன அண்ணா.

இரவு 9:40
நான்: (குரல் பதிவு, 3 நிமிடம் 8 விநாடி)

இரவு 9:41
நான்: போன வாரம் நான் சிரித்த பக்கம் இது.

இரவு 9:52
மகன்: அம்மா, அவர் கடிதத்தைப் பிரித்துவிட்டார், ஆனால் அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்வதற்குள் பதிவு முடிந்துவிட்டது. நீங்கள் சிரித்த இடமே இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

இரவு 9:53
நான்: எனக்குத் தூக்கம் வருகிறது, கண்ணா. புத்தகம் கூடத்து மேசைமேல் இருக்கிறது.