ஒரு வயசுப் பையனோட மலேசியாவுல கார்ல சுத்தணும்: திட்டத்தப் பார்த்து சொல்லுங்க

அம்மாபேட்டை அப்பா

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சேலம் அம்மாபேட்டை. நான், மனைவி, எங்கம்மா, பையன். பையனுக்கு சித்திரையிலதான் ஒரு வயசு முடிஞ்சுது. ஆடியில கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு அம்மா ஊர்ல இருந்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க. அதனால ஆனியிலயே போயிட்டு வந்துரலாம்னு இருக்கோம்.

திருச்சியில ஏறி கோலாலம்பூர்ல இறங்கி, வாடகைக்குக் கார் எடுத்து நானே ஓட்டறதா திட்டம். அங்கயும் நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும்ங்கறதால தைரியம். எட்டு நாள். பத்துமலை, கெந்திங், கேமரன் மலை, ஈப்போ, பினாங்கு, முடிஞ்சா லங்காவி.

பையன் காலைல ஒம்போதரைக்கு ஒரு தூக்கம், மதியம் ஒன்றரைக்கு ஒரு தூக்கம் போடுவான். ராத்திரி எட்டுக்குப் படுத்துருவான். கார்ல இதுவரைக்கும் பாட்டி மடிதான். அம்மாவுக்கு ஏற்காடு ரோட்டுல நாலாவது கொண்டை ஊசி வளைவு வந்தாலே தலை சுத்தும். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? சாப்பாட்டுக்கு என்ன பண்றது? தயவுசெஞ்சு சொல்லுங்க.

அடிவாரத்து அம்மா

தம்பி, எங்க வீடு கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் போற வழியில. பொண்ணு கைக்குழந்தையா இருக்கறப்போ இதே ஊர்களுக்கு நாங்களும் கார்ல போயிட்டு வந்தோம். அதனால உரிமையோட சொல்றேன், உங்க பட்டியல்ல பாதிய அடிச்சுருங்க. கெந்திங் வேண்டாம், லங்காவி வேண்டாம். ஒவ்வொரு ஊர் மாறும்போதும் பெட்டி கட்டணும், பாட்டில் கழுவணும், புது ரூம்ல புள்ளைய தூங்க வைக்கணும். அந்த வேலை முழுக்க உங்க வீட்டுக்காரம்மா தலையிலதான் விழும். மூணே ஊர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ராத்திரிக்குக் குறையாம தங்குங்க.

முதல் வேலை கார் சீட். மலேசியாவுல 2020 ஜனவரி 1-லிருந்து குழந்தைக்குத் தனி சீட் கட்டாயம். சட்டத்த விடுங்க, அங்க நெடுஞ்சாலையில வேக வரம்பே 110. ஐம்பதுல போய் மோதினாலே பத்துக் கிலோ புள்ளைய இழுத்து நிறுத்த நூறு கிலோக் கணக்குல பலம் வேணும். எந்தப் பாட்டி கையிலயும் அது கிடையாது. அம்மா மனசு சங்கடப்படும்தான், ஆனா இதுல விட்டுக்கொடுக்காதீங்க.

வாடகைக் கம்பெனிக்கு "குழந்தை சீட் வேணும்"னு மட்டும் எழுதுனா பெரிய புள்ளைங்க சீட்டக்கூட கொண்டாந்து வச்சிருவாங்க. வயசு, எடை ரெண்டையும் எழுதி, பின்பக்கம் பார்த்து உட்கார்ற சீட்டுதான் வேணும்னு கேளுங்க, போட்டோ அனுப்பச் சொல்லுங்க. இந்த வயசுல கழுத்துக்கு அதுதான் பாதுகாப்பு. முன் சீட்ல, ஏர்பேக் இருக்கற பக்கம் அத வைக்கவே கூடாது. மாட்டுனதும் தோள்பட்டைகிட்ட பட்டைய ரெண்டு விரலால கிள்ளிப் பாருங்க. துணி மாதிரி கிள்ள வந்துச்சுன்னா லூசா இருக்குன்னு அர்த்தம், இன்னும் இழுங்க. ஸ்வெட்டர் போட்டுட்டுப் பட்டை மாட்டாதீங்க. மாட்டிட்டு மேல போர்வையப் போத்துங்க.

அங்க போய்தான் மொத மொத சீட்ல உட்கார வைக்கலாம்னு இருக்காதீங்க. இங்கயே ஒண்ணு வாங்கியோ இரவல் வாங்கியோ பழக்குங்க. மொதல்ல வீட்டுக் கூடத்துல வச்சு சொப்பு குடுத்து விளையாட விடுங்க. அப்புறம் அஸ்தம்பட்டி வரைக்கும், அப்புறம் ஏற்காடு. என் பொண்ணு கத்துன கத்துக்கு டோல்கேட்ல இருந்தவங்க எட்டிப் பார்த்தாங்க. வண்டிய ஓரங்கட்டி, எறங்கி, தோள்ல போட்டு சமாதானம் பண்ணி, மறுபடி அதே சீட்லதான் உட்கார வச்சோம். ஓடற வண்டியில மட்டும் மடிக்கு எடுக்கவே இல்ல. கொஞ்ச நாள்ல பட்டை 'க்ளிக்'னு சத்தம் வந்தாலே கட்டைவிரல வாயில வச்சுக்கிட்டுக் கண்ண மூடிருவா.

தூக்கத்துக்கு வர்றேன். மலேசியா நேரம் நம்மள விட ரெண்டரை மணி முன்னால. ஒரு வாரத்துக்காக அவன் நேரத்த மாத்தாதீங்க. நம்மூர் ஒம்போதரைத் தூக்கம் அங்க பகல் பன்னெண்டுக்கு வரும், மதியத் தூக்கம் நாலுக்கு, ராத்திரித் தூக்கம் பத்தரைக்கு. காலைல மெதுவா எந்திரிச்சு, ஊர் சுத்திட்டு, பன்னெண்டு மணிக்கு வண்டிய எடுங்க. கோலாலம்பூர்லருந்து ஈப்போ சுமார் 200 கிலோமீட்டர், ஈப்போவுலருந்து பினாங்கு சுமார் 150. ஒரு நாளைக்கு அவ்வளவுதான், அதுக்கு மேல வேண்டாம். புள்ள தூங்கிட்டே இருந்தாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, சீட்ட விட்டு எடுத்துத் தரையில விடுங்க.

கேமரன் பத்தி ஒண்ணு. ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைங்களுக்கு வளைவு ரோட்டுல குமட்டறது ரொம்ப அபூர்வம். கஷ்டப்படப் போறது உங்கம்மா. ஏற்காடு 1,500 மீட்டர், கேமரன்ல தானா ராத்தாவும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். இங்க காப்பித் தோட்டம், அங்க தேயிலை. நம்ம வீட்டு வாசல்லயே இருக்கற குளிருக்காக அவங்கள வதைக்கணுமா?

சாப்பாடு: அடுப்படி இருக்கற வீடா எடுங்க. சத்துமாவு, கேழ்வரகு மாவு, வறுத்துப் பொடிச்ச அரிசி பருப்பு, இதெல்லாம் பாக்கெட் பாக்கெட்டா கட்டி மேல பேர் எழுதிக்குங்க. தண்ணி கொதிக்க வச்சுதான் குடுக்கணும். அங்க பிளக் மூணு சதுரக் கால் வச்சது, அடாப்டர் இங்கயே வாங்கிருங்க. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் குடுங்க, காது வலிக்காது.

பையன் பாஸ்போர்ட்டுக்கு இன்னைக்கே எழுதிப் போடுங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட 'அனெக்ஸர் டி'ங்கற சம்மதப் படிவம், வெள்ளைப் பின்னணியில போட்டோ. புள்ள ஆடாம இருக்கணுமே, அந்த போட்டோவுக்கே பாதி நாள் போகும். விசா 2026 டிசம்பர் 31 வரை நமக்குத் தேவையில்ல, 30 நாள் தங்கலாம். ஆனா போறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள டிஜிட்டல் வருகை அட்டைய ஆன்லைன்ல நிரப்பணும். அது இலவசம்தான், பையனுக்கும் தனியா ஒண்ணு வேணும். உங்களுக்கு ஆர்.டி.ஓ.ல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எடுக்கணும். நம்ம லைசென்ஸ் அசலும் கையில இருக்கட்டும்.

ஈப்போக்காரன்

அக்கா சொல்றது எல்லாம் சரி, கேமரன் விஷயத்துல மட்டும் எங்க மலைக்காக ஒரு வார்த்தை. தாப்பா பக்கம் ஏறுனா பழைய ரோடு, வளைவுக்கு மேல வளைவு. சிம்பாங் பூலாய் பக்கம் ஏறுங்க, ரோடு அகலம், ஏத்தமும் இதமா இருக்கும். பிற்பகல்ல மலையில மழை புடிக்கும், மதியம் ரெண்டுக்குள்ள மேல போயிரணும்.

காடி (கார்) எடுக்கும்போது மைவிங்கற சின்ன வண்டிய எடுக்காதீங்க. தள்ளுவண்டி, பெட்டி, குழந்தை சீட்டுன்னு இடம் பத்தாது. அல்சான்னு பெரிய வண்டி இருக்கு, அத எடுங்க. டோல்ல காசு வாங்க மாட்டாங்க, டச் அண்ட் கோ அட்டையில வெள்ளி (ரிங்கிட் பணம்) போட்டு வச்சுக்கணும். நெடுஞ்சாலை ஓய்விடங்கள்ல கழிப்பறை, சாப்பாட்டுக் கடை எல்லாம் இருக்கும், தாப்பா ஓய்விடத்துல நின்னு பசியாறிட்டு வாங்க. ஈப்போவுல அம்மாவ கல்லுமலை முருகன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. பத்துமலையில 272 படி, குழந்தையோட ஏற நினைச்சா காலையிலயே போயிருங்க. கொசு இருக்கு, டெங்கியும் இருக்கு, முழுக்கைச் சட்டை கொண்டாங்க.

அம்மாபேட்டை அப்பா

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வீட்ல உட்கார்ந்து படிச்சுக் காட்டினேன். கெந்திங், லங்காவி, கேமரன் மூணும் வேண்டாம்னு முடிவு. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு போதும். பத்துமலையில அம்மா கீழயே முருகன் சிலைகிட்ட உட்கார்ந்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. ஆத்தூர் பக்கம் முத்துமலை முருகன் 146 அடின்னா இவர் 140 அடியாமே, ரெண்டு பேரையும் பார்த்த மாதிரி ஆச்சுன்னு சந்தோஷம். சீட்டும் சொந்தக்காரங்ககிட்ட கேட்டிருக்கேன், ஞாயித்துக்கிழமை கூடத்துல வைக்கறோம்.

ஒரே சந்தேகம். அம்மா பையன் பக்கத்துல பின்னால உட்காரணும்னு ஆசைப்படறாங்க. உட்காரலாமா?

அடிவாரத்து அம்மா

நேர் ரோட்டுல உட்காரட்டும், அவனுக்கும் பாட்டி முகம் தெரிஞ்சா அழுகை குறையும். பெல்ட் மட்டும் கட்டாயம் போடணும், பின் சீட்லயும் போட்டே ஆகணும். தலை சுத்துதுன்னு சொன்னா முன்னால மாத்திருங்க, மருமக பின்னால வரட்டும். திருச்சிக்கு மட்டும் முந்தின நாளே போயிருங்க. நாமக்கல், முசிறி வழியா 140 கிலோமீட்டர் ஓட்டிட்டு நேரா விமானம் ஏறுனா புள்ளைக்கும் தாங்காது, உங்களுக்கும் தாங்காது.